செய்தவர் பெயரை மறைக்காதீர்!

“ஒரிஜினல் போடட்டுமாண்ணே, லோக்கல் போடட்டுமா?”

வியாசர்பாடியிலோ மூலக்கடையிலோ மெக்கானிக் ஷெட்டில் கார் விட்டவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. அது கேட்கப்படும் நேரம் அப்படி. வண்டி ஜாக்கியில் நிற்கிறது, சக்கரம் கழன்று கிடக்கிறது, சாயங்காலம் சவாரிக்குப் போயாக வேண்டும். ஒரிஜினல் என்றால் இந்த மாதத் தவணை இடிக்கும். லோக்கல் என்றால் பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்று வயிற்றைக் கலக்கும். ஏதோ ஒன்றுக்குத் தலையை ஆட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்குகிறோம்.

இந்தக் கேள்வியை இப்படி இரண்டே இரண்டாகச் சுருக்கி நம் முன்னால் வைத்தவர்களை இன்று கண்டிக்க வேண்டியிருக்கிறது. கம்பெனிப் பெட்டியில் வருவது மட்டுமே உயிரைக் காக்கும், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று ஒரு பக்கம் பயம் காட்டுகிறார்கள். ‘எல்லாம் ஒண்ணுதாண்ணே, பேருக்குத்தான் காசு’ என்று மறுபக்கம் தோளில் கை போடுகிறார்கள். இரண்டும் பொய். பாகத்தைச் செய்தவர் யார் என்பதை வாங்குகிறவர் கண்ணில் படாமல் மறைத்தால்தான் இரண்டு பொய்யும் விலை போகும். அந்த மறைப்பைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

கார் கம்பெனிகள் தங்கள் வண்டியில் இருக்கும் பாகங்களில் பெரும்பகுதியைத் தாங்களே செய்வதில்லை. அது குறையும் இல்லை. உலகம் முழுக்கக் கார்த் தொழில் அப்படித்தான் நடக்கிறது. பிரேக் ஒருவரிடமிருந்து வரும், ஸ்டார்ட்டர் மோட்டார் வேறொருவரிடமிருந்து, பிஸ்டன் இன்னொருவரிடமிருந்து. அந்த ஒருவர்களில் பலர் நமக்கு அக்கம்பக்கத்தார். செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கியது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா மூன்றும் 1960-களின் தொடக்கத்தில் பாடியில் அடுத்தடுத்து வந்தன. அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. திருவொற்றியூரில் எம்ஆர்எஃப், எண்ணூரில் அசோக் லேலண்ட். வடசென்னையில் எத்தனையோ வீடுகள் இந்த ஆலைகளின் சம்பளத்தில் எழும்பியவை. தரமான பாகம் எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுச் சொல்லக்கூடிய தொழிலாளிகள் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் தெருவிலேயே, பெயர் இல்லாத பெட்டியிலிருந்து எடுத்த பாகம் காரில் ஏறுகிறது.

பாகம் செய்கிற ஆலை அதையே இரண்டு வழியாக அனுப்பலாம். ஒன்று, கார் கம்பெனியின் பெட்டியில், அதன் முத்திரையோடு. இன்னொன்று, தன் சொந்தப் பெயர் போட்ட பெட்டியில் நேராகப் பார்ட்ஸ் கடைக்கு. ஆலையும் தரமும் ஒன்றாகவே இருந்தாலும் விலை வேறாக இருக்கும். இந்த இரண்டாவது பெட்டிதான் ‘ஒரிஜினலா லோக்கலா’ என்ற கேள்வியில் காணாமல் போவது. இதற்கடுத்து, கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யாவிட்டாலும் சொந்தப் பெயரில், சொந்தப் பொறுப்பில் பாகம் செய்து விற்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றில் நல்லதும் உண்டு, சுமாரானதும் உண்டு. பெயர் இருப்பதால் கெட்டால் கேட்க ஆள் இருக்கும். கடைசியில் வருவதுதான் உண்மையான டூப்ளிகேட்: யாரோ ஒருவர் பெயரைத் திருடித் தன் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் ‘வெளி மார்க்கெட் சரக்கெல்லாம் டூப்ளிகேட் சார்’ என்று ஒரே வார்த்தையில் முடிக்கும்போது, பாடியில் வேலை பார்த்தவன் உழைப்பையும் திருட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் உழைப்பையும் ஒரே குப்பையில் போடுகிறார். பிறருடைய பொருளை இழிவுபடுத்தத் தவறான தகவல் தருவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. கழுத்துப் பட்டை அணிந்து ஏசி அறையில் சொன்னாலும் அது அதுதான்.

கார் கம்பெனிகள் மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டு வெறும் ஆதங்கம் இல்லை. 2011 ஜனவரியில் ஒரு தனிமனிதர் ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய 3 கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்து, தங்கள் டீலரைத் தவிர வேறு எங்கும் வண்டியைச் சரிசெய்ய முடியாதபடி கட்டிப்போடுகிறார்கள் என்பது புகார். ஆணையத்தின் விசாரணைப் பிரிவு தோண்டத் தோண்ட இது 3 கம்பெனிகளோடு நிற்கும் நோய் இல்லை என்று தெரிந்து, விசாரணை 17 கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆணையம் 14 கம்பெனிகளைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சராசரி ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் என்று கணக்கிட்டு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டாட்டா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி, மஹிந்திராவுக்கு 292.25 கோடி. அந்தப் பட்டியலில் மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு உண்டு, ஒரகடத்தில் கார் கட்டிய நிசான் உண்டு, செங்கல்பட்டுப் பக்கம் ஆலை வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ உண்டு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் விசாரணையையே எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதால் தனியாக நின்றது. மனு தள்ளுபடியான பின் 2015 ஜூலையில் அதற்கும் 420.26 கோடி வந்து சேர்ந்தது.

அபராதத் தொகையை விட அந்த உத்தரவில் எழுதியிருந்ததுதான் முக்கியம். பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளோடு போட்ட ஒப்பந்தங்களிலேயே, ‘எங்களைக் கேட்காமல் வெளிச் சந்தையில் விற்கக் கூடாது’ என்று கட்டுப்பாடு இருந்தது. அதாவது, செய்தவர் தன் பெயரில் விற்க முடியாமல் கையைக் கட்டியது கார் கம்பெனியே. கார் வாங்கிய பிறகு அந்த மாடலின் பாகத்துக்கு வேறு கதி இல்லை என்பதால், ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டியின் பாகச் சந்தைக்குத் தானே ராஜா. சில பாகங்களில் அடக்க விலைக்கு மேல் வைத்த லாபம் 100 சதவீதத்தில் ஆரம்பித்து 5,000 சதவீதம் வரை போனதாக விசாரணையில் வெளிவந்தது. 100 ரூபாய்க்கு வந்த சரக்கு 5,100 ரூபாய்க்கு நம் தலையில் ஏறியது என்று பொருள். வடிவுரிமை, காப்புரிமை என்று கம்பெனிகள் பிடித்த குடையும் அங்கே நிற்கவில்லை.

ஆணையம் இட்ட கட்டளைகளில் சிலவற்றை இங்கே பதிவு செய்கிறோம். அவற்றை ஒரு சர்வீஸ் சென்டரின் சுவரிலாவது படித்தவர் உண்டா என்று வாசகர்களே சொல்லட்டும். பாகம் செய்யும் ஆலைகள் வெளிச் சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. பாகங்களும், கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கு எளிதாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் விலையையும், அதற்கு ஈடான தரத்தில் வேறு பாகம் உண்டா என்பதையும், வாரண்டி விதிகளையும் இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

கடைசிக் கட்டளையை மறுபடி ஒருமுறை படியுங்கள். பிறகு, ‘வெளியே கை வச்சா வாரண்டி போயிடும்’ என்று நீங்கள் கேட்ட குரல்களை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இப்படி வாரண்டியைக் கட்டிப்போடுவதை 1975-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் 2010-ஆம் ஆண்டு விதிகள் வெளி மெக்கானிக்கின் உரிமையைத் தெளிவாக்கின. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் ரிப்பேர் தகவல்களைக் கம்பெனிகள் விலைக்காவது கொடுத்தே தீர வேண்டும். அங்கெல்லாம் கை கட்டி நிற்கும் அதே கம்பெனிகள் இங்கே வந்ததும் கையை ஓங்குகின்றன.

உத்தரவுக்கு என்ன ஆயிற்று? வழக்கம்போல் வழக்கு. டொயோட்டா, நிசான், ஃபோர்டு மூன்றும் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் குற்றம் குற்றமே என்று உறுதி செய்தது; அபராதத்தை மட்டும் மொத்த விற்பனைக்குப் பதிலாக உதிரி பாக விற்பனையின் அடிப்படையில் குறைத்தது. மற்றவர்கள் ஆணையத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்டு உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். வழக்காடுவது அவர்கள் உரிமை. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் விலைப் பட்டியலைத் தொங்கவிடவும், வாரண்டி பற்றி உண்மையைச் சொல்லவும் எந்த நீதிமன்றமும் அவர்களைத் தடுக்கவில்லையே. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கி, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் வியாசர்பாடி டாக்ஸி ஓட்டுநருக்கு அந்தத் தளம் ஒன்று இருப்பதைச் சொல்ல யாரும் வரவில்லை.

நம் பகுதியில் ஓடுவது பெரும்பாலும் புது வண்டி இல்லை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை. 2017-இன் இறுதியோடு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திய ஜெனரல் மோட்டார்ஸின் தவேராக்கள் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதன் கார்கள் நம் தெருவில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. கம்பெனியே ஊரைக் காலி செய்த பிறகு ஒரிஜினல் ஒரிஜினல் என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்த வண்டிக்காரர்களுக்கு வெளிச் சந்தை ஆடம்பரமான தேர்வு இல்லை, பெரும்பாலும் ஒரே கதவு. அந்தக் கதவில் நிற்பவர் நேர்மையானவரா திருடரா என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டாமா? காப்பீடும் பழைய வண்டிக்காரரைத்தான் அதிகம் அடிக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் என்றால் வண்டி வயது எதுவானாலும் பாதி விலை கழிவு. 5 வயதைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம், 10 வயதைத் தாண்டினால் 50. மீதியைக் கையிலிருந்து போடுகிறவர் மலிவானதைத் தேடுவதைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வடசென்னையின் மண்ணும் தண்ணீரும் வேறு சேர்ந்துகொள்கின்றன. உப்புக் காற்று ஒரு பக்கம். மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை குளமாகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளே தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் புகுந்த வீல் பேரிங்கும் பிரேக்கும் மற்ற ஊர்களை விட இங்கே சீக்கிரம் கை விடும். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகிற வண்டிக்குப் பிரேக் லைனிங் எத்தனை சீக்கிரம் தேயும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். பாகம் அதிகம் மாற்றுகிற ஊரில்தான் மோசடிக்கும் அதிக லாபம்.

இனி டூப்ளிகேட்காரர்களிடம் வருவோம். கார் கம்பெனியைத் திட்டியதால் இவர்களுக்கு நாம் பரிந்து பேசுகிறோம் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பேர் பெற்ற கம்பெனியின் காலிப் பெட்டியையும் காலி ஆயில் டப்பாவையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், உள்ளே எதைப் போட்டு விற்கப்போகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. வெளியில் பார்த்தால் ஆயில் ஃபில்டர் ஆயில் ஃபில்டர் போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் தாளும் வால்வும் மட்டமானதாக இருந்தால், இன்ஜினுக்கு அழுக்கு ஆயில் போகும்; அது தெரியவரும்போது இன்ஜின் இறக்கும் செலவு காத்திருக்கும். பிரேக் பேடில் உரசும் பொருள் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் விதத்தில்தான் உயிர் இருக்கிறது. காலையில் தெருமுனையில் பிடித்துப் பார்த்தால் எல்லாப் பேடும் பிடிக்கும். சூடேறிய பிறகு, பாரம் ஏற்றிய பிறகு, மேம்பாலத்து இறக்கத்தில்தான் நல்லதும் கெட்டதும் பிரியும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஏர்பேக் ஒருமுறை வெடிப்பதற்காகச் செய்த பொருள். அதில் போலி என்றால் விபத்து நேரும் நொடி வரை அது போலி என்று யாருக்கும் தெரியாது.

கெட்ட பாகத்துக்கும் போலிப் பாகத்துக்கும் நுகர்வோர் சட்டம் வைத்திருக்கும் வேறுபாடு கவனிக்கத்தக்கது. உண்மையானது என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருளே போலிப் பொருள் என்கிறது அது. விலை மலிவு என்பது குற்றமில்லை, லோக்கல் என்பது குற்றமில்லை, பொய் சொன்னதுதான் குற்றம். அந்தப் பொய்யால் ஒருவர் செத்தால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை சிறை. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். செய்தவர் மட்டுமில்லை, இருப்பு வைத்தவரும் விற்றவரும் அதில் அடக்கம். பாதுகாப்புக்கு முக்கியமான பாகம் என்று மத்திய அரசு அறிவித்த ஒன்றை, விதிகளுக்குப் பொருந்தாமல் விற்றால் ஒரு பாகத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு திருத்தப்பட்டது. ஒரு பாகத்துக்கு 1 லட்சம்! ஒரே ஒரு அலமாரியைத் திறந்து எண்ணினாலே கடையை விற்றாலும் கட்ட முடியாத தொகை. வர்த்தக முத்திரைச் சட்டத்திலோ 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை தண்டனை, டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கு வாரன்ட் இல்லாமலே பறிமுதல் செய்யும் அதிகாரம். சட்டத்தில் பஞ்சமில்லை. புகார் கொடுக்க முத்திரைக்குச் சொந்தக்கார கம்பெனி வரும் வரை காத்திருக்கும் வழக்கத்தில்தான் எல்லாம் உறங்குகிறது.

கடை உரிமையாளர்களே, பில் கேட்டால் ‘ஜிஎஸ்டி போட்டா விலை ஏறும்ணா’ என்கிறீர்கள். அந்தச் சாக்கும் இப்போது நைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டிப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வரி, 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கு 28. வரிக்கு முன் 1,000 ரூபாய் பாகம் 1,280-இலிருந்து 1,180-க்கு இறங்கியிருக்க வேண்டும். பில்லே இல்லாத இடத்தில் அந்த 100 ரூபாய் யார் பையில் போனது என்று எதை வைத்துக் கேட்பது? பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறைதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: செய்தவர் யார் என்று காட்ட முடியாத பொருளை விற்றால், அதனால் வரும் சேதத்துக்கு விற்றவரே பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு சொல்கிறது. பெயரில்லாப் பெட்டியை விற்கிற நாளில் அந்தப் பெட்டியின் மேல் உங்கள் பெயர் எழுதப்பட்டுவிடுகிறது.

மெக்கானிக் தம்பிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கம் பாதி உண்மையாகிவிடும். அவர்கள் நிலை நமக்குத் தெரியும். ஸ்கேனர் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, இடத்துக்கு வாடகை, உள்ளூர்க்காரரிடம் கடன் வேலை, லேபர் 500 கேட்டால் 300-க்குப் பேரம். அதனால் லேபரில் விட்டதைப் பாகத்தில் எடுக்கிறார்கள். கடைக்காரர் தரும் கமிஷன் எதில் அதிகமோ அந்தப் பெட்டி வண்டியில் ஏறுகிறது. காரணம் புரிகிறது, மன்னிக்க முடியவில்லை. லோக்கல் போட்டு ஒரிஜினல் விலை வாங்குவது திருட்டு. போட்டது எது என்று சொல்லி, பெட்டியைக் கையில் கொடுத்து, கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பிக் கொடுத்து, லேபரை நியாயமாகக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற வண்டிக்காரரை அடுத்த வாரம் நாமே இந்தப் பக்கத்தில் கண்டிக்கிறோம்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக்கும், வைப்பருக்கும், மட் ஃபிளாப்புக்கும் கம்பெனி விலை கொடுத்து ஏமாற வேண்டாம். கதவு, கண்ணாடி, சீட்டு என்றால் புதுப்பேட்டையில் நல்ல பழையது பார்த்து எடுப்பதில் வெட்கமும் இல்லை, ஆபத்தும் இல்லை. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட், டயர் என்றால் கம்பெனிப் பெட்டியோ, செய்த ஆலையின் சொந்தப் பெட்டியோ, பெயரும் பில்லும் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஏர்பேக்கைப் பழையதாகவோ பெயரில்லாமலோ வாங்கவே கூடாது. வாடகைக்கு ஓட்டுபவர் இதில் 400 ரூபாய் மிச்சம் பிடிக்கும்போது, பின் சீட்டில் இருப்பவரைக் கேட்டுவிட்டா பிடிக்கிறார்?

இப்போது கோரிக்கைகள். கெஞ்சிக் கேட்கவில்லை.

கார் கம்பெனிகள் 2014 உத்தரவில் சொன்னதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சர்வீஸ் சென்டரிலும் அடிக்கடி மாற்றும் பாகங்களின் விலையை, அதைச் செய்த ஆலையின் பெயரோடு, தமிழில் பலகையில் எழுதிப் போடட்டும். வாரண்டி பற்றிய அந்தக் கட்டளையும் அதே பலகையில் இருக்கட்டும். நாட்டைவிட்டுப் போன கம்பெனிகள், தங்கள் பாகங்களைச் செய்தவர்களின் பட்டியலை வெளியிட்டுவிட்டுப் போகட்டும். கூடவே எடுத்துச் செல்ல அதில் ஒன்றும் இல்லை.

பெட்டியில் செய்தவர் பெயர், முகவரி, விலை, மாதம், ஆண்டு, புகார் எண் இருந்தாக வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகள் 2011-லிருந்து சொல்கின்றன. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டியவர்கள் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள். தீபாவளிக்கு இனிப்புக் கடையில் எடை பார்ப்பதோடு நிறுத்தாமல் பார்ட்ஸ் கடைகளுக்கும் வரட்டும். பாதுகாப்புக்கு முக்கியமான பாகங்கள் எவை என்ற பட்டியலைப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு ஆர்டிஓ அலுவலகத்திலும் தமிழில் ஒட்டட்டும். எஃப்.சி.க்கு வண்டி வரும்போது பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் உற்றுப் பார்க்கும் கண்கள், பிரேக் லைனிங் யார் செய்தது என்றும் ஒருமுறை பார்க்கட்டும். 182ஏ பிரிவின் கீழ் சென்னையில் எத்தனை வழக்குப் பதிந்தார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண் பூஜ்யமாக இருந்தால் அதையும் வெளியிடட்டும், நாம் அச்சிடுகிறோம்.

ஏமாந்தவர்கள் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கையில் பில்லும் பெட்டியும் மட்டும் இருக்க வேண்டும். கம்பெனிகளோ, டீலர்களோ, கடைக்காரர்களோ, துறை அதிகாரிகளோ இதற்குப் பதில் தர விரும்பினால் இதே பக்கத்தில், ஒரு வரி வெட்டாமல், வெளியிடத் தயாராக இருக்கிறோம்.